மலைக் கிராம வீடுகளும் குளிர்காயும் வழியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

உதகை, கொடைக்கானல் பகுதிகளில் அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் மூச்சு முட்டி இறந்த செய்திகள் அவ்வப்போது நாளிதழ்களில் வெளியாகின்றன. பொதுமக்கள் விழிப்புடன் இருக்க வேண்டும் என்ற அறிவுரையோடு அச்செய்திகள் முடிந்துவிடுகின்றன. அந்த அடுப்பு ஏன் அறைக்குள் வந்தது என்று எவரும் கேட்பதில்லை. உள்ளூர்க்காரர்களின் வீடுகளைப் பொறுத்தவரை, வீடு கட்டும்போதே குளிர்காய்வதற்கென்று ஒரு வழி அமைக்கப்படாததுதான் காரணம் என்பது என் கருத்து. புது வீடு கட்டுகிறவர்கள் சமையல் மேடைக்கு எந்தக் கல் பதிப்பது என்று யோசிப்பதில் பாதியளவுகூட இதைப் பற்றி யோசிப்பதில்லை.

நீலகிரி மாவட்டத்தில் உள்ள எங்கள் குந்தா வட்டத்தில் குளிர் இரண்டு வகை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலம்; இரவில் பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கும் இடங்களிலும் பகலில் நல்ல வெயில் இருக்கும். ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவமழைக் குளிர். அப்போது வெப்பமானி ஜனவரியைவிடக் கூடுதலாகவே காட்டினாலும், வாரக்கணக்கில் வெயில் இல்லாமல், துணி உலராமல், சுவரெல்லாம் ஈரம் பாய்ந்து கிடப்பதால் முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இதுவே கடுமையானது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய பகுதி இது. ஜன்னலைத் தெற்கு நோக்கி வைத்தால் உறைபனிக் காலத்துக்குப் பெருமளவு உதவும். மழைக்காலத்துக்கு அது போதாது. ஆகவே இங்கு எந்த ஏற்பாட்டைத் தேர்ந்தாலும் ஆடி மாதத்தை மனத்தில் வைத்தே தேர வேண்டும்.

பலரும் முதலில் நாடுவது மின்சார ஹீட்டரை. வாங்கும் விலை குறைவு, புகை இல்லை. ஆனால் 2,000 வாட் ஹீட்டர் ஒன்றை நாளொன்றுக்கு 4 மணி நேரம் இடைவிடாமல் எரித்தால் 8 யூனிட் ஆகும். இரண்டு மாத மின்கணக்கில் அதுவே 480 யூனிட். வீட்டின் மற்றச் செலவும் சேரும்போது 500 யூனிட்டைத் தாண்டி, குறைந்த கட்டணப் படிகளின் சலுகையை இழக்க நேரிடும். குளிரூட்டவும் சூடாக்கவும் செய்யும் ஏ.சி. இயந்திரம் வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உள்ளே கடத்துவதால், செலவாகும் மின்சாரத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பம் தரும். நீலகிரியின் குளிர் அதன் வரம்புக்கு உட்பட்டதே. சமவெளிக் கடைகளில் பெரும்பாலும் குளிரூட்ட மட்டுமே செய்யும் வகை விற்கப்படுவதால், கேட்டு வாங்க வேண்டும். என்றாலும் மின்சாரத்தை மட்டுமே நம்புவதில் ஒரு சிக்கல் உண்டு. பைக்காராவில் 1932-ஆம் ஆண்டிலேயே நீர்மின்சாரம் எடுத்த மாவட்டம் எங்களுடையது. ஆனால் மழைக்காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால், வெப்பம் மிகவும் தேவைப்படும் அதே இரவில் வீடு இருட்டாகிவிடும்.

சிலிண்டரில் இயங்கும் எரிவாயு ஹீட்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு கிலோ எரிவாயு எரியும்போது ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி அறைக்குள் சேர்கிறது; ஏற்கெனவே பூஞ்சணம் பூக்கும் சுவர்களுக்கு அது கேடு.

விறகைப் பழைமை என்று ஒதுக்குவதற்கில்லை. தேயிலைச் செடியைக் கவாத்து செய்யும்போது (கிளைகளை வெட்டும்போது) கிடைக்கும் குச்சியும் சீகை, கற்பூர (யூகலிப்டஸ்) மர விறகும் இன்றும் இங்கு எரிபொருள்கள்தாம். ஆங்கிலேயர் பங்களாக்களில் சுவரோடு அமைந்த, விறகெரிக்கும் திறந்த கணப்பு பார்வைக்கு அழகு. அதன் வெப்பத்தில் பெரும்பகுதி புகையோடு மேலே போய்விடும் என்பதால் அதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். காஷ்மீரில் புகாரி என்று வழங்கும், புகைக்குழாய் பொருத்திய மூடிய இரும்பு அடுப்பு அதே விறகில் பல மடங்கு பயன் தரும். மழை படாமல் அடுக்கி நன்றாக உலர்த்திய விறகை மட்டுமே எரிக்க வேண்டும். புகைக்குழாய் கூரை முகட்டுக்கு மேல் உயர்ந்து நிற்க வேண்டும். இல்லையேல் காற்றடிக்கும் நாளில் புகை வீட்டுக்குள் திரும்பும். இதற்கான துளையைக் கான்கிரீட் கூரைத் தளம் போடும்போதே விட்டுவிட வேண்டும். பின்னால் உடைத்தால் கம்பி அறுபடும், அந்த இடத்தில் ஒழுகவும் செய்யும். பலர் அடுப்பு வாங்கும் எண்ணத்தையே கைவிட்டுக் கரிச்சட்டிக்குத் திரும்புவது இந்த இடத்தில்தான். கரி புகையாததால் ஆபத்தில்லை என்று நினைக்கிறார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. உறங்குகிறவருக்கு விழிப்பே வராது.

எந்த ஏற்பாடானாலும், வெப்பத்தைத் தக்கவைக்காத வீட்டில் அது ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான். கான்கிரீட் தளம் தெளிந்த வானத்துக்குக் கீழே இரவெல்லாம் வெப்பத்தை இழக்கும். வெறும் தகரக் கூரை விடியலில் வியர்த்துச் சொட்டும். பழைய ஓட்டு வீடுகளில் அடித்திருந்த பலகை மச்சும், தோடர் குடிசையின் தவழ்ந்து நுழைய வேண்டிய சிறு வாசலும் காரணமின்றி அமைந்தவை அல்ல. தளத்துக்குக் கீழே பலகைக் கூரையும் இடையில் வெப்பத்தைக் கடத்தாத கண்ணாடிக் கம்பளியும் (கண்ணாடி இழைப் பஞ்சு) அமைத்து, கதவு ஜன்னல் இடுக்குகளை அடைத்து, வீடு முழுவதையும் அல்லாமல் குடும்பம் கூடியிருக்கும் ஓர் அறையை மட்டும் சூடாக்கினால் சிறிய அடுப்பே போதும். அடுப்புக்கு வேண்டிய காற்று உள்ளே வர மட்டும் ஒரு திறப்பு இருந்தாக வேண்டும். என்னைக் கேட்டால், சமையலறையை ஒட்டிய அறையில் புகைக்குழாய் அடுப்பும், படுக்கையறையில் உறங்குவதற்கு முன் சற்று நேரம் எரிக்க எண்ணெய் நிரப்பிய மின் ஹீட்டரும் குந்தா வீட்டுக்குப் பொருத்தமானவை என்பேன்.

இதில் அரசுக்கும் பங்கு உண்டு. ஊரகப் பகுதிகளில் வீடு கட்ட உதவும் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. 360 சதுர அடி, அதில் பெரும்பகுதிக்குக் கான்கிரீட் தளம் என்ற அளவுகோல் தஞ்சாவூருக்கும் மஞ்சூருக்கும் பொதுவாக இருக்கிறது. மலை வட்டங்களுக்கென்று புகைக்குழாய்த் துளையும் பலகைக் கூரையும் கொண்ட தனி வரைபடம் ஒன்றை ஊரக வளர்ச்சித் துறை வெளியிட்டு, அதற்காகும் கூடுதல் செலவையும் மானியத்தில் சேர்க்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் தளம் போட்டுவிட எல்லோரும் அவசரப்படுவார்கள் என்பதால், இந்த வரைபடம் பணி ஆணையோடு சேர்த்தே பயனாளிகளின் கைக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மஞ்சூர், நீலகிரி மாவட்டம்.