மடியில் குழந்தை இருந்தாலே மாயாதேவி அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பௌத்தச் சிற்பக் கட்டுரையில், பிள்ளைகள் சூழ அமர்ந்திருக்கும் காந்தாரச் சிலையின் படத்துக்குக் கீழே ‘புத்தரின் தாய் மாயாதேவி’ என்று அச்சாகியிருந்தது. அது, பௌத்தர்கள் குழந்தைகளின் காவல் தெய்வமாக வணங்கும் ஆரிதியின் சிலை. அடிக்கடி நேரும் குழப்பம் என்பதால், இருவரையும் பிரித்தறியும் வழியை எழுதுகிறேன்.

பிறப்புக் காட்சியில் மாயா நின்றிருப்பார். வலக்கை சால மரக்கிளையைப் பற்றியிருக்கும். வலது விலாவிலிருந்து குழந்தை வெளிவர, இந்திரன் துணி ஏந்தி வாங்குவான். புத்தர் கருவில் வருவதாக அவர் கண்ட கனவுக் காட்சியில் படுத்திருப்பார். மேலே யானை இறங்கும். கபிலவஸ்துவுக்குத் திரும்புவது போன்ற கதைத் தொடர்களில் கைக்குழந்தையோடும் தென்படலாம். ஆனால் பிள்ளை பெற்ற ஏழாம் நாளே அவர் இறந்ததாகத்தான் மரபு. வளர்த்தவர் தங்கை பிரஜாபதி. இன்னொரு எச்சரிக்கை: உடைந்த துண்டில் கிளையைப் பிடித்த பெண் மட்டும் இருந்து, குழந்தையோ இந்திரனோ இல்லையென்றால், அது வெறும் யட்சியாகவும் (மரத்தோடு காட்டப்படும் தேவதை) இருக்கலாம்.

ஆரிதி, ராஜகிருகத்துப் பிள்ளைகளைப் பிடித்துத் தின்றவள். அவளுக்கோ 500 பிள்ளைகள். புத்தர் கடைக்குட்டியைப் பிச்சைப் பாத்திரத்துக்குள் மறைத்துவைத்தார். தேடித் தவித்து வந்தவளிடம், ‘500 பேரில் ஒருவனுக்கே இந்தப் பாடு என்றால், ஒன்றிரண்டு மட்டும் பெற்றவர்கள் கதி என்ன?’ என்று கேட்டார். அன்றோடு அவள் குழந்தைகளின் காவல் தெய்வமானாள். அவளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் பௌத்தத் துறவியர் வாழும் விகாரைகளில் சோறு படைப்பது வழக்கமாயிற்று. 7ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த சீனத் துறவி இ-சிங், விகாரையின் முகப்பிலோ உணவுக்கூடத்தின் மூலையிலோ அவள் உருவம் இருந்ததையும், கையில் ஒரு குழந்தையும் முழங்காலருகே மூன்று அல்லது ஐந்து குழந்தைகளும் இருந்ததையும் எழுதிவைத்திருக்கிறார். நாள்தோறும் அதன் முன் உணவு வைத்தார்கள். பிள்ளை வேண்டியும் நோய் தீரவும் மக்கள் வணங்கினார்கள். ஆகவே, சிலை எந்த அறையில் கிடைத்தது என்பதே பெரிய சான்று. அந்தக் குறிப்பு தொலைந்தால் பாதி அடையாளம் போயிற்று.

அஜந்தா 2ஆம் குகையைப் பார்த்தால் எல்லாம் விளங்கும். கருவறைக்கு வலப்பக்கச் சிற்றறையில் ஆரிதியும் கணவன் பாஞ்சிகனும் அமர்ந்திருக்கிறார்கள். அவள் மடியில் குழந்தை. மேலே சிறு உருவங்களில், சினந்து புத்தரைத் தாக்க வருவதும், பிறகு பணிவதும். பீடத்தில் பிள்ளைகள்: ஆட்டுக்கிடா சண்டை ஒருபுறம், பிரம்போடு வாத்தியார் ஒருபுறம். அவ்வளவு உயிரோட்டமான பீடம் வேறு அபூர்வம். பக்கச் சுவர்களில் காணிக்கையோடு வரும் பெண்களின் ஓவியம். ஜாவாவின் மெண்டுட் கோயில் முகப்பறையிலும் பிள்ளைகளோடு இருக்கிறாள்.

ஆரிதியின் சிலையிலிருந்து பிரிந்து தனியாகக் கிடைக்கும் பாஞ்சிகனைக் குபேரன் என்று எழுதிவிடுவதும் உண்டு. பணப்பையும் பருத்த வயிறும் இருவருக்கும் பொது. நம் பக்கத்துக் குழப்பம் வேறு: சமண அம்பிகையும் பிள்ளைகளோடுதான் வருவாள். கழுகுமலையில் போல அருகே சிங்கம் இருக்கிறதா, கையில் மாங்கொத்தோ தலைக்குமேல் தீர்த்தங்கரரோ உண்டா என்று பார்த்தால் போதும்.

காத்மாண்டு சுயம்புநாதர் தூபியின் பக்கத்தில் ஆரிதிக்குத் தனிக் கோயில் உண்டு. நேவார் மக்கள் அவளை அஜிமா, அதாவது பாட்டி, என்கிறார்கள். இந்துக்கள் அம்மை நோயின் தெய்வமான சீதளையாக வணங்குகிறார்கள். பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்த பிறகும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் குறையவில்லை. இப்படி இன்றும் பூசை காணும் தெய்வத்தின் படத்துக்கு வேறு பெயர் போடலாகாது. திருத்தம் வெளியிடும்போது, சிலை கிடைத்த இடம், கல்லின் வகை, உடைந்த பகுதிகள் ஆகியவற்றையும் படக்குறிப்பில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாசகர்,
காஞ்சிபுரம்.