டிராக் ரம்பம்: எனக்கு வேண்டும், உங்களுக்கு வேண்டாம்

இல்ஃபோர்டு, லண்டன்

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் செல்வியும் நலம். அம்மா, அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் நலம்தானே? போனில், அலுமினியத் தண்டவாளத்தின் மேல் ஓடி நேராக அறுக்குமே, அந்த டிராக் ரம்பத்தைப் பற்றிக் கேட்டீர்கள், இங்கிருந்து ஒன்று வாங்கி அனுப்ப முடியுமா என்றும் கேட்டீர்கள். பட்டறைச் சத்தத்தில் நீங்கள் சொன்னதில் பாதி எனக்கு விளங்கவில்லை. என் பதிலும் உங்கள் காதில் விழுந்திருக்காது. அதனால் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது. எனக்கே ஒன்று வாங்குவதா வேண்டாமா என்று கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருப்பதால், கணக்கெல்லாம் தலைக்குள் தயாராகவே இருக்கிறது.

முதலில் இங்கே தச்சு வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். இங்கே எனக்குப் பட்டறையே கிடையாது. வாடிக்கையாளர் வீடுதான் பட்டறை. எல்லாம் நூறு வருஷத்துக்கு மேலான வீடுகள், தெரு நெடுக ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நிற்கும். முன்னறையில் அந்தக் காலத்தில் நிலக்கரி எரித்த கணப்புக்காக நடுச்சுவர் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும், அதன் இரண்டு பக்கமும் ஆழமாகப் பள்ளம் விழும். கணப்பை இப்போது யாரும் மூட்டுவதில்லை, ஆனால் அந்தப் பள்ளத்தில் அலமாரியும் புத்தகத் தட்டும் செய்து மாட்டச் சொல்லாத வீடு அபூர்வம். எங்கள் வேலையில் பெரும்பங்கு அதுதான். சுவரோ ஒன்றும் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்காது. மேலே 1,100 மில்லி இருந்தால் கீழே 1,085 இருக்கும். ஆமாம், மில்லிதான். பலகையை வாயால் 'எட்டடிக்கு நாலடி' என்பார்கள், டேப்பைப் பிடித்தால் மில்லிமீட்டர். அங்குலத்துக்கு எட்டு நூல் என்ற நம் கணக்கை நான் மனசுக்குள்தான் போட்டுக்கொள்கிறேன்.

மரக்கடையிலேயே பெரிய பேனல் ரம்பத்தில் அளவுக்கு அறுத்துத் தருகிறார்கள், அதில் குறையில்லை. ஆனால் சுவர் கோணலாக இருக்கும்போது கடைசி அறுப்பை அந்த வீட்டில் வைத்துத்தான் அறுத்தாக வேண்டும். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை, 18 மில்லியில் முழுசாக கிட்டத்தட்ட 40 கிலோ. அதை ஒடுக்கமான மாடிப்படியில் ஏற்ற முடியாது. வீட்டுக்கு முன்னால் பத்தடி இடம் இருக்கும், அதில் இரண்டு குதிரைக் கட்டை போட்டு, மழை வருமுன் அறுத்து முடிக்க வேண்டும். மழை மட்டுமில்லை, கடிகாரமும் துரத்தும். லண்டனில் பெரும்பாலான பகுதிகளில் சத்தம் வரும் கட்டட வேலையை வார நாட்களில் காலை 8 முதல் மாலை 6 வரையும், சனிக்கிழமை 8 முதல் 1 வரையும்தான் செய்யலாம். ஞாயிறு கூடவே கூடாது. முதலாளியின் வேலை போக நான் சொந்தமாக எடுத்துச் செய்யப்போவது சனிக்கிழமை வேலைகளை. அந்த ஐந்து மணி நேரம்தான் எனக்குக் காசு.

சரி, ரம்பத்துக்கு வருகிறேன். முதலாளியிடம் இருப்பது மகீட்டா கம்பெனி ரம்பம், 165 மில்லி பிளேடு, எடை நாலரைக் கிலோவுக்குள். கூட 1.4 மீட்டர் அலுமினிய டிராக். ரம்பத்தின் அடித்தட்டில் இருக்கும் பள்ளம் டிராக்கின் மேடு மேல் உட்கார்ந்து ஓடும், பக்கவாட்டில் ஆடாது. பிளேடு எப்போதும் உறைக்குள்ளேயே இருக்கும். கையால் அழுத்தினால்தான் கீழே இறங்கும், விட்டால் மேலே ஏறிவிடும். பலகையின் நடுவிலேயே இறக்கி அறுப்பைத் தொடங்கலாம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. டிராக்கின் ஓரத்தில் ஒரு ரப்பர் பட்டை ஒட்டியிருக்கும். புது டிராக்கில் முதல் தடவை ரம்பத்தை ஓட்டும்போது அந்தப் பட்டையையே அது அறுத்துச் சீவிவிடும். அதற்குப் பிறகு பட்டையின் ஓரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பிளேடு போகும். பென்சில் குறியில் பட்டையின் ஓரத்தை வைத்து அறுக்க வேண்டியதுதான். நம் பட்டறையில் அலுமினியப் பட்டியைக் கிளாம்ப் போட்டு மார்பிள் கட்டரை ஓட்டும்போது, தட்டின் ஓரத்துக்கும் பிளேடுக்கும் உள்ள தூரத்தை ஒவ்வொரு தடவையும் கழித்துக் குறிப்போமே, அந்தக் கணக்கு இங்கே இல்லை. அதோடு, பட்டை பலகையின் முகத்தை அமுக்கிப் பிடிப்பதால் மைக்காவின் ஓரம் பெயராது. கையில் பிடித்து ஓட்டும் சர்க்குலர் ரம்பத்துக்கு நல்ல முகத்தைக் கீழே கவிழ்த்துப் போடுவோம், இதற்கு மேலேயே வைக்கலாம். வெட்டி விழும் துண்டின் பக்கம் கொஞ்சம் பெயரத்தான் செய்யும். அது யாருக்கு வேண்டும்?

கதவுக்கு இதைவிட நல்ல சாமான் கிடையாது. புதுக் கார்ப்பெட் போட்டால் கதவு தரையில் உரசும். கழற்றிப் படுக்கவைத்து, டிராக்கை வைத்து, அடியில் நாலு மில்லி சீவினால் தீர்ந்தது. இழைப்புளியால் செய்தால் வெகுநேரம் பிடிக்கும் வேலை.

குறையும் இருக்கிறது. எட்டடி நீளத்துக்கு ஒரு டிராக் போதாது, இரண்டை இணைக்க வேண்டும். இணைப்பு மயிரிழை விலகினாலும் பலகையில் தெரியும், நேர்க்கட்டை வைத்துப் பார்த்துத்தான் முறுக்க வேண்டும். இரண்டு அங்குலச் சட்டம் இருபது வேண்டுமென்றால் இது சரிப்படாது. டிராக் உட்கார அகலம் வேண்டும், அளவையும் ஒவ்வொரு துண்டுக்கும் புதிதாகக் குறிக்க வேண்டும். டேபிள் ரம்பத்தில் வேலியை, அதாவது பலகையை அணைத்துத் தள்ளும் வழிகாட்டிச் சட்டத்தை, ஒரு தடவை பூட்டிவிட்டுத் தள்ளிக்கொண்டே போகலாம். பிறகு, அறுத்த வெட்டு மூடிப் பிளேடைக் கவ்வாமல் பிளேடுக்குப் பின்னால் வரும் தகடு, பிளவுக்கத்தி, முதலாளியின் மாடலில் இல்லை, பெஸ்டூல் கம்பெனி ரம்பத்தில் உண்டு. இல்லாத ரம்பத்தை நடுப்பலகையில் அவசரமாக இறக்கினால் பின்னால் உதைக்கும்.

விலை? மகீட்டாவும் ஒரு டிராக்கும் சேர்த்து 350, 400 பவுண்ட் ஆகும். நம் பணத்தில் 40,000 ரூபாய்க்கு மேல். பெஸ்டூல் என்றால் அதற்கு மேல் நன்றாகவே போகும், அந்தப் பக்கம் நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது டிராக்கும் இணைப்பும் தனிக் காசு. தூசி உறிஞ்சும் மெஷினும் வேண்டும். இங்கே மரத்தூசியை விளையாட்டாக விடமாட்டார்கள், ஆஸ்துமாவும் மூக்கில் புற்றுநோயும் வரும் என்று சட்டமே வைத்திருக்கிறார்கள். கெட்டி மரங்களின் தூசி ஒரு கன மீட்டர் காற்றில் 3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. டிராக் ரம்பத்தில் பிளேடு மூடியே இருப்பதால் குழாயை மாட்டினால் பெரும்பாலான தூசி பைக்குள் போய்விடுகிறது. அடுத்தவர் வீட்டு முன்னறையில் நின்று வேலை செய்கிறவனுக்கு இது பெரிய விஷயம். செல்விக்கும் நிம்மதி. ஆஸ்பத்திரி இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவள், என் சட்டையை உதறச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே விடுவாள்.

இன்னொன்று, திருட்டு. இங்கே வேனை உடைத்துக் கருவிகளைத் தூக்குவது சாதாரணம். 'இரவில் இந்த வண்டியில் கருவிகள் இல்லை' என்று ஸ்டிக்கர் ஒட்டிய வேன்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். தினமும் எல்லாவற்றையும் மாடி அறைக்கு ஏற்ற வேண்டும். டேபிள் ரம்பத்தை எங்கே ஏற்றுவது? டிராக் ரம்பம் ஒரு பெட்டியில் அடங்கும், டிராக் கட்டிலுக்கடியில் போய்விடும்.

ஆகவே நான் வாங்கப்போகிறேன், மகீட்டாதான், இரண்டு டிராக்கோடு. இடமில்லாதவனுக்கும் வீடு வீடாகப் போகிறவனுக்கும் செய்த மெஷின் அது.

உங்களுக்கு வேண்டாம் அண்ணா. அங்கே பட்டறை இருக்கிறது, டேபிள் ரம்பம் இருக்கிறது. செங்கோட்டையிலிருந்து வருகிற தேக்குச் சட்டத்துக்கு டிராக் எதற்கு? பிளைவுட்டுக்கு மட்டும் என்றால் 40,000 அதிகம். இங்கேயும் 230 வோல்ட்தான் என்பதால் மெஷின் ஊரில் ஓடும், ஆனால் நாலரை அடி டிராக்கை வளையாமல் விமானத்தில் கொண்டுவருவது யார்?

அதற்குப் பதில் ஒன்று செய்யுங்கள். அந்த மார்பிள் கட்டரில் மர பிளேடு மாட்டி அறுப்பதை விட்டுவிட்டு, பிளேடின் அடி உறை தானாக மூடிக்கொள்ளும் 7 அங்குல சர்க்குலர் ரம்பம் ஒன்று ஊரிலேயே வாங்குங்கள். பிறகு 6 மில்லி பிளைவுட்டில் ஒரு அடிக்கு மேல் அகலம், எட்டரை அடி நீளம் ஒரு பட்டை எடுங்கள். எட்டடிப் பலகையில் அவ்வளவு நீளம் வராது, இரண்டு துண்டை ஒட்டுப்போட வேண்டியிருக்கும். அதன் மேல் ஒன்பது மில்லியில் ஒரு சட்டத்தை, ஆலையிலேயே நேராக அறுத்து வந்த ஓரம் ரம்பம் ஓடும் பக்கம் வரும்படி, பசை போட்டு ஸ்க்ரூவும் அடித்துவிடுங்கள். அதற்கு மேல் கனம் வேண்டாம், மோட்டார் இடிக்கும். ரம்பத்தின் தட்டை அந்தச் சட்டத்தில் அணைத்து ஒரு ஓட்டு ஓட்டினால், அடிப்பட்டையில் மிஞ்சியது அறுபட்டுப் போகும். அதன் பிறகு அந்த ஓரம்தான் உங்கள் அறுப்புக் கோடு. டிராக்கில் நான் காசு கொடுத்து வாங்குவதில் முக்கால்வாசி அதிலேயே கிடைத்துவிடும். ஆழத்தில் ஆறு மில்லி குறையும், 19 மில்லி பலகைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வேறு பிளேடு மாட்டினால் புதுப் பட்டை செய்துகொள்ளுங்கள்.

ரம்பம் வாங்கியதும் பிளேடின் நடுத்துளை எத்தனை மில்லி என்று பார்த்து எனக்கு வாட்ஸ்அப்பில் போடுங்கள். செல்வியோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாள். மைக்காவுக்கு நெருக்கமான பல் வைத்த நல்ல பிளேடாக இரண்டு அவள் பெட்டியில் கொடுத்தனுப்புகிறேன். அம்மாவுக்கு வேண்டிய ஸ்வெட்டரும் அதிலேயே வரும், அளவை அண்ணியிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி