செயலாளர் ஆண்டறிக்கை: சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் பெற்றோர் சங்கம்

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதாந்திரக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு நம் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு நேரே வருகிறேன்.

பள்ளியில் உதவி கேட்டுப் போகும்போது நமக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "நாங்க பார்த்துக்கிறோம்." சொல்பவர் மனமாரத்தான் சொல்கிறார். ஆனால் அவர் வேறு வகுப்புக்கு மாறினால் அந்த வாக்கும் கூடவே போய்விடுகிறது. என் மகனுக்கு வாசிக்கவும் எழுதவும் நேரம் பிடிக்கும். தேர்வில் கூடுதல் நேரம் உண்டு என்று வகுப்பாசிரியர் சொல்லியிருந்தார். தேர்வறைக்கு வந்த கண்காணிப்பாளருக்கு அது தெரியாது. மணி அடித்ததும் விடைத்தாளை வாங்கிவிட்டார். வீட்டுக்கு வந்தவன் வினாத்தாளை நீட்டி, "இந்த நாலும் எனக்குத் தெரியும்மா" என்றான். கேட்டேன். நான்குக்கும் வாயால் சரியாகப் பதில் சொன்னான். எழுதி வாங்காமல் விட்டேனே என்று அன்றிரவு முழுக்க மனம் ஆறவில்லை.

அதனால்தான் தனிநபர் கல்வித் திட்டத்தை, அதாவது ஒரு பிள்ளைக்கு என்ன கற்றுத் தர வேண்டும், என்ன உதவி வேண்டும் என்று பள்ளி எழுதி வைக்கும் தாளை, எப்படி எழுதச் செய்வது என்று கூட்டத்துக்குக் கூட்டம் உட்கார்ந்து பார்த்தோம். "வாசிப்பில் முன்னேற்றம் தேவை" என்று எழுதினால் அதை வைத்து எதையும் அளக்க முடியாது. "பருவ முடிவுக்குள் ஐந்து வரிப் பத்தியை உதவியின்றி வாசிப்பாள்" என்று எழுதினால் முடிந்ததா இல்லையா என்று கேட்கலாம். யார் சொல்லித் தருவார், வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு நேரம், எப்போது மறுபரிசீலனை என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். குழந்தை இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்ற வரியைப் பெற்றோரிடமும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். வீட்டில் தெரிவது வகுப்பில் தெரியாது.

தேர்வுக்கு மட்டும் ஏற்பாடு கேட்பது போதாது. சொல்வதை எழுதித் தருபவரோடு ஒருநாள்கூடப் பழகாத பிள்ளை தேர்வன்று வாய் திறக்காது. பெரிய எழுத்துத் தாளோ தனி அறையோ எதுவானாலும் வகுப்புத் தேர்விலேயே பழக்கமாகட்டும். பக்கத்தில் உதவியாளர் அமர்ந்துவிட்டால் ஆசிரியர் பார்வை அந்தப் பிள்ளை மேல் விழுவதே குறைந்துவிடுகிறது என்று பலர் வருத்தப்பட்டார்கள். பாடம் நடத்தும் பொறுப்பு ஆசிரியருடையது என்பதையும் திட்டத்தில் எழுதச் சொல்லுவோம்.

கேட்கத் தயங்குகிற பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். 1994-இல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி, இந்தக் குழந்தைகளுக்கும் பொதுப் பள்ளியில் இடம் வேண்டும் என்று அறிவித்தார்கள். ஐ.நா. 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-வது பிரிவு, அவரவர் தேவைக்கேற்ற ஏற்பாடுகளைக் கல்வியில் செய்து தர வேண்டும் என்கிறது. தலைமையாசிரியர் முன் கெஞ்சுகிற குரல் நமக்கு வேண்டாம். சண்டைக் குரலும் வேண்டாம். நாளையும் அதே ஆசிரியரிடம்தான் பிள்ளையை விடப் போகிறோம். பேசிவிட்டு வந்த அன்றே, பேசியதைச் சுருக்கமாக எழுதி அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

சில பிள்ளைகளுக்கு இன்னும் எழுத்தில் எதுவும் கிடைக்கவில்லை. வரும் ஆண்டின் முதல் வேலை அதுதான். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பிள்ளையின் நோட்டு ஒன்றும், பள்ளியிலிருந்து வந்த கடிதங்களும் கொண்டு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து எழுதுவோம்.

நன்றி.

செயலாளர்