சீட்டின் முதுகில் எழுதியதை அன்றிரவே அழித்துவிடுங்கள்

நெல்லைச் சீமையின் பேருந்துப் பணிமனைகளை நடத்தும் கிளை மேலாளர்களுக்கும், அவர்களுக்கு மேலிருக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் பள்ளி ஆசிரியை. பதினாறு வருடமாக வீரவநல்லூரில் பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்கு வந்து வேலை பார்க்கிறேன். சேரன்மகாதேவி, பத்தமடை, மேலச்செவல், முன்னீர்பள்ளம் என்று எந்த நிறுத்தத்தில் யார் ஏறுவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். எந்த வண்டியில் எந்த சீட்டின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் மனப்பாடமாகிவிட்டது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

போன வருடம் ஆடி மாதத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் முன்னால் வந்து நின்றாள். பேச்சு வரவில்லை. அவள் அம்மாவின் போனை நீட்டினாள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து முன்பின் தெரியாத எண்களிலிருந்து அழைப்பு மேல் அழைப்பு. எடுத்தால் ஒருவன் சிரிக்கிறான், ஒருவன் விலை கேட்கிறான். அவள் பெயரும் அந்த போன் எண்ணும் ஒரு டவுன் பஸ்ஸில், கடைசிக்கு முந்தின சீட்டின் முதுகில், மார்க்கர் பேனாவால் எழுதப்பட்டிருப்பதாக அவளுடைய தோழி பார்த்துச் சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் ஒரு வரியும் இருந்தது. அதை நான் எழுத மாட்டேன்.

அன்று சாயங்காலம் அந்த வண்டிக்காகவே காத்திருந்து ஏறினேன். கைப்பையில் ஒரு பழைய துணியும், ஆய்வகத்திலிருந்து வாங்கிய கொஞ்சம் ஸ்பிரிட்டும் வைத்திருந்தேன். நான் குனிந்து துடைப்பதைப் பார்த்துவிட்டுக் கண்டக்டர் வந்தார். "என்ன டீச்சர் பண்றிய?" என்றார். சொன்னேன். டிக்கெட் மெஷினை இடுப்புப் பக்கம் தள்ளிவிட்டு, துணியை என் கையிலிருந்து வாங்கி அவரே அழுத்தித் துடைத்தார். "எனக்கும் ரெண்டு பொம்பளப் பிள்ளைய இருக்கு டீச்சர். காலைக் கூட்டத்துல பின்னால என்ன நடக்குன்னே தெரிய மாட்டேங்கு" என்றார். முன்னீர்பள்ளம் வருவதற்குள் அந்த எழுத்து போய்விட்டது.

ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தை யாராவது ஒருவர் முந்தின நாள் ராத்திரியே செலவழித்திருந்தால் அந்தப் பிள்ளையின் வீட்டில் போன் அடித்திருக்காது. அதற்குப் பிறகு அவள் பஸ்ஸில் வரவே இல்லை. இலவசப் பாஸ் பையிலேயே கிடக்கிறது. அவள் அப்பா வயல் வேலையை விட்டுவிட்டு எக்ஸெல் வண்டியில் கொண்டுவந்து விடுகிறார். அவருக்கு முடியாத நாளில் அவளுக்கு லீவு.

சீட்டில் எழுதுவதெல்லாம் ஒரே ரகம் இல்லை. இதயம் வரைந்து அம்பு விட்டு இரண்டு எழுத்தைப் போடுகிறவன் ஒரு ரகம். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை, அதை அழிக்க ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை. ஆனால் பெண்பிள்ளைகளின் பெயரும் எண்ணும் ஒரு ராத்திரிகூட இருக்கக் கூடாது. அதேபோல இன்னொன்றும் இருக்கக் கூடாது. அது சாதிப் பெயர்.

இதை உங்களிடம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் என்று நம் வண்டிகளில் எழுதியிருந்த காலம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1997-இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்த பெயரை முன்னிட்டுத் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் வெடித்து, மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எல்லாம் அரசு எடுத்தது. பஸ்ஸின் மேல் இருக்கும் ஒரு பெயர் இங்கே எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். வெளியே எழுதியிருந்ததை அரசாங்கமே அழித்தது. உள்ளே காம்பஸ் முனையால் கீறியது மட்டும் அப்படியே கிடக்கிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும், கூடப் படித்தவர்களே சாதிப் பகையில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி வேண்டாம் என்றது, சாதி அடையாளத்தோடு பெயிண்ட் அடித்த சைக்கிளில் பள்ளிக்கு வரக்கூடாது என்றும் சொன்னது. நாங்கள் காலையில் வாசலில் நின்று கயிற்றை அவிழ்க்கச் சொல்கிறோம். கயிறில்லாத கையோடு பையன் சாயங்காலம் பஸ் ஏறுகிறான். எதிர் சீட்டின் முதுகில் அதே சாதியின் பெயர், கயிற்றின் அதே இரண்டு நிறத்தில், ஒயிட்னரும் ஸ்கெட்ச் பேனாவுமாக. "இது எங்க சீட்டு" என்று அதற்கு அர்த்தம். வேறு தெருப் பையன் அதில் உட்கார்ந்தால் ஒரு பார்வை, மறுநாள் ஒரு தள்ளு, அடுத்த வாரம் நிறுத்தத்தில் இறங்கினதும் ஒரு கூட்டம். எங்கள் வகுப்பில் நடந்த மூன்று சண்டைகளைக் கேட்டுக்கொண்டே பின்னால் போனால் மூன்றும் பஸ்ஸில் ஆரம்பித்தவை. தனித்தனித் தெரு, தனித்தனிக் கோயில், தனித்தனிச் சுடுகாடு என்று இருக்கிற ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் தோளோடு தோள் உரசி உட்காருகிற இடம் இந்த பஸ் ஒன்றுதான். அதிலும் எல்லைக்கல் நடவிடலாமா?

"பிடித்து போலீசில் கொடுங்கள்" என்று சிலர் சொல்வார்கள். சட்டம் இல்லாமல் இல்லை. பொது இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்க மாநிலச் சட்டம் 1959-இலிருந்தே இருக்கிறது. பொதுச் சொத்துச் சேதத்துக்கு 1984-இன் மத்தியச் சட்டம். ரயில் பெட்டிகளில் இருக்கும் எழுத்தையோ எண்ணையோ அழித்தாலும் திருத்தினாலும் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 166-ஆம் பிரிவில் ஒரு மாதம் வரை சிறை, அல்லது 250 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெட்டிக்குள் கிறுக்கினால் 2012-இன் விதிகளில் 500 ரூபாய் வரை அபராதம். திருச்செந்தூர் பாசஞ்சரின் கழிவறைக் கதவுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சட்டங்கள் என்ன சாதித்திருக்கின்றன என்று தெரியும். சிங்கப்பூரில் ரயில் பெட்டியில் பெயிண்ட் அடித்த வெளிநாட்டுக்காரருக்கு 2010-இல் பிரம்படி கொடுத்தார்கள். பதினாறு வயதுப் பையனுக்கு அது எனக்கு வேண்டாம். பத்தில் ஒருவன் பிடிபடுவான், அவன் படிப்பு போகும், மீதி ஒன்பது பேருக்கு அவன் வீரனாகிவிடுவான். எண்ணை எழுதி ஒரு பெண்ணைத் துன்புறுத்துகிறவன் வேறு. அவனைப் போலீசில் சொல்லத்தான் வேண்டும், அதில் எனக்கு இரக்கம் கிடையாது.

எழுதுகிறவனுக்கு வேண்டியது படிக்க ஆள். நியூயார்க் நகரத்துச் சுரங்க ரயில்களில் 1970-களில் உள்ளும் புறமும் ஸ்பிரே பெயிண்டால் பெயர் எழுதாத பெட்டியே இல்லை என்ற நிலை இருந்தது. வேலி போட்டார்கள், காவல் போட்டார்கள், நிற்கவில்லை. 1984-இல் வேறு வழிக்குப் போனார்கள். ஒரு பெட்டியைச் சுத்தம் செய்து ஓட்டத்துக்கு விட்டால், மறுபடி அதில் எழுத்து விழுந்த உடனே அழிக்க வேண்டும், அழிக்காமல் அது பயணிகளோடு ஓடக் கூடாது. தன் பெயர் ஊரைச் சுற்றி வருவதைப் பார்க்கத்தான் பையன்கள் எழுதினார்கள். அந்தக் காட்சி கிடைக்காமல் போனது. 1989 மே 12-இல் எழுத்துள்ள கடைசிப் பெட்டியும் ஓட்டத்திலிருந்து விலக்கப்பட்டது. ஐந்து வருடம் பிடித்தது, ஆனால் முடிந்தது.

நெதர்லாந்தில் க்ரோனிங்கன் நகரத்தில் செய்து 2008-இல் வெளியிட்ட ஒரு சோதனையும் உண்டு. நிறுத்தியிருந்த சைக்கிள்களின் கைப்பிடியில் துண்டுக் காகிதம் கட்டிவைத்தார்கள். பக்கத்துச் சுவர் சுத்தமாக இருந்தபோது 33 சதவீதம் பேர் அந்தக் காகிதத்தைக் கீழே போட்டார்கள், சுவரில் கிறுக்கல் இருந்தபோது 69 சதவீதம் பேர். இரண்டு தடவையும் அந்தச் சுவரில் 'கிறுக்கக் கூடாது' என்ற அறிவிப்பு இருந்தது. ஆகவே, தயவுசெய்து அறிவிப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். கிறுக்கலுக்கு நடுவே இருக்கும் அறிவிப்பை யாரும் மதிப்பதில்லை.

நான் கேட்பது இதுதான். ராத்திரி வண்டியைக் கழுவிக் கூட்டும்போது சீட்டின் முதுகையும் ஒரு ஆள் பார்க்க வேண்டும். எண்ணும் சாதிப் பெயரும் இருந்தால் அழிக்காமல் காலை முதல் நடைக்கு வண்டி வெளியே போகக் கூடாது. பணிமனைக்கு வராமல் கிராமத்தில் நைட் ஹால்ட் போடுகிற வண்டிகள்தான் சிக்கல். அவற்றில்தான் எழுத்து மாதக்கணக்கில் தங்குகிறது. வண்டியின் பழுதை எழுதிக் கொடுக்கிற அதே இடத்தில் 'எழுத்து, இத்தனையாவது சீட்' என்று ஓட்டுநரோ கண்டக்டரோ எழுதினால், வண்டி பணிமனைக்கு வரும் அன்று விட்டுப்போகாது.

மார்க்கர் மை ஸ்பிரிட்டில் போய்விடும். ஒயிட்னர் காய்ந்தால் பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டலாம். ரெக்சினில் தின்னரை ஊற்றினால் ரெக்சின் வெடித்துப்போகும் என்று உங்கள் பெயிண்டர்களே சொல்வார்கள். கீறலுக்கு மட்டும் துடைப்பு உதவாது, உப்புத்தாள் தேய்த்து அதே நிறப் பெயிண்டை ஒரு கை அடிக்க வேண்டும். நிறம் மாறினால் ஒட்டுப்போட்ட இடமே அடுத்தவனுக்குப் பலகையாகிவிடுகிறது. புது சீட் வாங்கும்போது வழவழப்பான வெளிர் நிற முதுகு வேண்டாம். புள்ளிப் புள்ளியாக மேடு வைத்த, அடர் நிறத் தகட்டில் பேனா ஓடாது. ஜன்னல் கண்ணாடிக்கு உரித்தெடுக்கிற மெல்லிய படலம் இருக்கிறது, கீறினால் படலத்தோடு போய்விடும்.

மான்செஸ்டர் நகரத்து மாடி பஸ்களில் 1970-களில் ஆராய்ந்தவர்கள், சேதம் அதிகம் மேல்மாடியிலும் பின் சீட்டுகளிலும்தான் என்றும், கண்டக்டர் இல்லாத வண்டிகளில் கூடுதல் என்றும் கண்டார்கள். நம் டவுன் பஸ்களில் கண்டக்டர் இன்னும் இருக்கிறார். காலை எட்டு மணிக் கூட்டத்தில் அவரால் பின்னால் நகர முடிவதில்லை, அவ்வளவுதான். பள்ளி நேரத்துக்கு இன்னொரு நடை விட்டால் பின் சீட்டு அவர் கண்ணுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வருத்தப்படாதீர்கள். ஜன்னலுக்கு மேலே மூலம், பௌத்திரம் ஸ்டிக்கர், உடனடிக் கடன் ஸ்டிக்கர், வண்டியின் பின்கண்ணாடியில் கட்சிப் போஸ்டர். ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் திருக்குறள் பலகையின் மேலேயே டியூஷன் விளம்பரம் ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் ஒட்டியதைக் கிழிக்காமல் விட்டுவிட்டு, பையன் எழுதியதை மட்டும் குற்றம் என்றால் அவன் என்னை நிமிர்ந்து பார்க்கிறான். என்னிடம் பதில் இல்லை.

பெயர் எழுதும் ஆசை புதிதில்லை. சீவலப்பேரிக்குப் பக்கத்தில் மறுகால்தலைப் பாறையில் ஈராயிரம் வருடத்துக்கு முந்தின தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. கல்படுக்கை செய்து கொடுத்த வெண்காசிபன் என்பவரின் பெயர். யாரோ வந்து படுக்க இடம் செய்துவிட்டுப் பெயரைப் போட்டிருக்கிறார். இதை வகுப்பில் சொல்லும்போது கடைசிப் பெஞ்சுப் பையன்களே காது கொடுத்துக் கேட்கிறார்கள். அதனால்தான் கேட்கிறேன்: மே விடுமுறையில் பையன்கள் வராத அந்த ஒரு மாதத்தில் எல்லா வண்டிகளின் சீட்டு முதுகையும் பெயிண்ட் அடித்து முடித்துவிடுங்கள். எங்கள் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் உப்புத்தாள் தேய்க்க வருவார்கள், நானும் வருவேன். தண்டனையாக இல்லை, வேலையாக. முடித்த வண்டியில் வேலை செய்தவர்களின் பெயரை ஓட்டுநர் பக்கத்தில் ஒரு சின்னத் தகட்டில் நீங்களே எழுதிக் கொடுங்கள். எங்கள் வகுப்பு பெஞ்சுகளை ஒரு வருடம் வெள்ளிதோறும் விடாமல் தேய்த்தோம். அரைப் பரீட்சைக்குப் பிறகு தேய்க்க ஒன்றும் இல்லாமல் போனது.

அந்தப் பிள்ளை ஜூனில் பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறாள். பள்ளி திறக்கும் நாள் காலையில் வீரவநல்லூர் நிறுத்தத்தில் நான் கூட நின்று அவளை பஸ்ஸில் கூட்டிவருவதாக அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். எட்டு மணி வண்டி. கடைசிக்கு முந்தின சீட்டில் உட்காருவோம்.

இப்படிக்கு,
பாபநாசம் தடத்தில் தினமும் வரும் ஓர் ஆசிரியை