எதிர்கால மேம்பாட்டுக்கென நிலங்கள் குறிக்கப்படும் முறையைக் குடியிருப்பாளர்கள் முன்கூட்டியே அறிய வகைசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
செம்பவாங், ஈசூன் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் சார்பில் மனுதாரர்

பெறுநர்:
தலைமை நிர்வாக அதிகாரி அவர்கள்,
நகர மறுசீரமைப்பு ஆணையம்,
மேக்ஸ்வெல் சாலை, சிங்கப்பூர்.

பொருள்: எதிர்கால மேம்பாட்டுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களின் பொதுப் பதிவேடு ஒன்றை வெளியிடவும், பெருந்திட்ட மறுஆய்வு தொடங்குமுன் குடியிருப்பாளர்களிடம் நிலம் பற்றிய பரிந்துரைகளைக் கேட்டுப் பெறவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நாட்டின் நிலப் பயன்பாட்டை வரையறுக்கும் பெருந்திட்டத்தின் நகல் (வரைவு) வெளியான பின்பு பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் தங்கள் ஆணையத்தின் நடைமுறையை நாங்கள் மதிக்கிறோம். கண்காட்சிகளைப் பார்வையிட்டு எங்களில் பலர் கருத்தும் தெரிவித்திருக்கிறோம். ஆனால் ஒரு நிலத்தின் எதிர்காலம் தீர்மானமாவது நகல் கண்காட்சிக்கு வரும் நாளில் அன்று. அந்நிலம் இன்ன பயன்பாட்டுக்கு உரியது என்று வரைபடத்தில் முதன்முதலாகக் குறிக்கப்படும்போதே பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. அந்தக் கட்டத்தில் என்ன நடக்கிறது, எந்தக் காரணங்கள் எடைபோடப்படுகின்றன என்பதைக் குடியிருப்பாளர்கள் அறிய வழிசெய்யுமாறு கேட்டுக்கொள்வதே இம்மனுவின் நோக்கம்.

நாங்கள் வாழும் வட்டாரத்துக்கு இது இப்போது மிக நெருங்கிய விஷயமாகிவிட்டது. 1938ல் கப்பல்களைப் பழுதுபார்க்கும் பெரிய உலர்துறை திறக்கப்பட்ட பிரிட்டிஷ் கடற்படைத் தளமும், 1968ல் அதன் இடத்தில் உருவான கப்பல் பட்டறையும் இந்த வட்டாரத்துக்கு முகம் கொடுத்தவை. அங்கே வேலை செய்ய இந்தியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எங்களில் பலர். தள ஊழியர்கள் கேன்பரா சாலைப் பக்கம் வழிபட்டு வந்த முருகன் கோயில் பின்னாளில் ஈசூன் தொழிற்பேட்டைக்கு இடம்மாறியது. பங்குனி உத்திரக் காவடிகள் இன்றும் அங்கேதான் செல்கின்றன. கப்பல் பட்டறை 2028க்குள் தன் இடத்தை விட்டு வெளியேறவிருக்கிறது. 2025 ஜூனில் வெளியான பெருந்திட்ட நகல் அந்தக் கடற்கரையை வீடுகளும் பொழுதுபோக்கு இடங்களும் கலந்த வட்டாரமாக மாற்றும் எண்ணத்தைத் தெரிவித்தது. இந்த மாற்றத்தை நாங்கள் எதிர்க்கவில்லை. எங்கள் பிள்ளைகளும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர்கள்தாம். வீடுகள் வேண்டும், அவற்றுக்கு நிலம் வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. பட்டறையைச் சுற்றியுள்ள திறந்த நிலங்கள் எப்போது, எந்த அளவுகோலின்படி எடுத்துக்கொள்ளப்படும் என்று முன்கூட்டியே தெரிந்தால், கோயில், குழந்தைப் பராமரிப்பு நிலையம், முதியோர் நடமாடும் இடம், திருவிழா ஊர்வலப் பாதை ஆகியவை பற்றி உரிய காலத்தில் பேச இயலும் என்பதே எங்கள் கவலை.

இப்போதைய ஏற்பாட்டை நாங்கள் புரிந்துகொண்ட அளவில் இங்கே கூறுகிறோம். 1958ல் முதல் பெருந்திட்டமும் 1971ல் முதல் கருத்துருத் திட்டமும் வந்தன. கருத்துருத் திட்டத்தின் இடத்தில் இன்றுள்ள நீண்டகாலத் திட்டம் 50 ஆண்டுகளுக்கும் அப்பால் பார்க்கிறது. பெருந்திட்டம் அடுத்த 10 முதல் 15 ஆண்டுகளுக்கான நிலப் பயன்பாட்டையும் கட்டட அடர்த்தியையும் வரையறுத்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வுக்கு வருகிறது. அந்த வரைபடத்தில் பயன்பாடு இன்னும் தீர்மானிக்கப்படாத ஒதுக்கீட்டு நிலங்கள் உள்ளன; விரிவான திட்டமிடலுக்கு உட்பட்ட குடியிருப்பு நிலம் என்று குறிக்கப்பட்டவையும் உள்ளன. அவற்றைக் காட்டும் வண்ணங்களை எவரும் இணையத்தில் பார்க்கலாம். அந்தக் குறிப்பு எந்த ஆண்டில், எதற்காக இடப்பட்டது, எப்போது செயலுக்கு வரக்கூடும் என்பதற்கு வரைபடம் விடை சொல்வதில்லை. இக்கேள்விகளோடு குடியிருப்பாளர்கள் முதலில் போய் நிற்பது நகர மன்றத்தில். நகர மன்றமோ 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீவக பேட்டைகளின் பொது இடங்களைப் பராமரிக்கும் அமைப்பு. எந்த நிலம் எதற்கு என்று முடிவு செய்வது அதன் வேலையன்று. ஆகவே கேட்டவர்கள் விடையின்றித் திரும்புகிறார்கள், தவறு அங்குள்ள ஊழியர்களுடையது இல்லை என்றாலும்.

முன்கூட்டியே அறிவிக்காததால் என்ன ஆகும், அறிந்தபின் மக்கள் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு டோவர் காடு நல்ல சான்று. ஏறத்தாழ 33 ஹெக்டர் பரப்புள்ள அந்த இடம் 2003ஆம் ஆண்டுப் பெருந்திட்டத்திலேயே குடியிருப்புக்குக் குறிக்கப்பட்டது. ஆனால் 2020 இறுதியில் சுற்றுச்சூழல் ஆய்வு அறிக்கை வெளியான பிறகுதான் அக்கம்பக்கத்தாரில் பெரும்பாலோர் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். கருத்துத் தெரிவிக்கும் காலம் நீட்டிக்கப்பட்டது, ஏராளமானோர் எழுதினார்கள், 2021 ஜூலையில் கிழக்குப் பாதியில் மட்டும் முதலில் வீடுகள் கட்டுவது என்றும் மேற்குப் பாதியை ஏறத்தாழ பத்தாண்டுகள் கழித்து மறுபடியும் பரிசீலிப்பது என்றும் முடிவானது. வீடும் கிடைத்தது, காட்டின் ஒரு பகுதியும் இப்போதைக்குக் காக்கப்பட்டது. மக்களின் சொல் திட்டத்தைக் கெடுக்கவில்லை, செம்மைப்படுத்தியது. 1998 முதல் குடியிருப்புக் குறிப்போடு இருந்துவரும் கிளமெண்டி காடும் அதே காலத்தில்தான் பலரின் கவனத்துக்கு வந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் இடப்பட்ட ஒரு குறிப்பை அதன் கடைசி மாதங்களில் அறிந்துகொண்டால், பேச்சு இயல்பாகவே பதற்றமாகிவிடுகிறது. அந்தப் பதற்றம் அதிகாரிகளுக்கும் நல்லதன்று, மக்களுக்கும் நல்லதன்று.

இங்கிலாந்தின் உள்ளூர் மன்றங்கள் இந்தப் பணியை எப்படிச் செய்கின்றன என்பது தங்களுக்கு நன்கு தெரிந்திருக்கும். தத்தம் உள்ளூர்த் திட்டத்தை எழுதத் தொடங்கும் முன்பே, மேம்பாட்டுக்கு ஏற்ற இடங்கள் இருந்தால் தெரிவியுங்கள் என்று நில உரிமையாளர்கள், குடியிருப்பாளர்கள், கட்டுமான நிறுவனங்கள் என எல்லோரிடமும் அவை அழைப்பு விடுக்கின்றன. வந்து சேரும் ஒவ்வோர் இடத்தையும் பொருத்தமானதா, கிடைக்கக்கூடியதா, நடைமுறையில் கட்டி முடிக்கத்தக்கதா என்ற மூன்று அளவுகோல்களில் சோதித்து, ஏற்றதையும் நிராகரித்ததையும் காரணத்தோடு வெளியிடுகின்றன. 2017 முதல், முன்பு கட்டடங்கள் இருந்து இப்போது வீடு கட்ட ஏற்றதாகக் கருதப்படும் நிலங்களுக்குத் தனிப் பதிவேடு வைத்திருப்பதும் அவற்றின் கடமை; கால் ஹெக்டர் பரப்பு அல்லது ஐந்து வீடுகளுக்கு இடம் இருந்தாலே ஒரு நிலம் அதில் சேரத் தகுதி பெறும். அங்கே நிலம் தனியார் பலரின் கையில் சிதறிக் கிடப்பதால் கிடைக்குமா என்ற கேள்விக்கே மன்றங்கள் மிகுந்த உழைப்பைச் செலவிட வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில் நிலத்தின் மிகப் பெரும்பகுதி அரசின் வசம் இருப்பதால் அந்தச் சுமை தங்களுக்கு இல்லை. அப்படியே பின்பற்றுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த நாட்டின் வீட்டுப் பிரச்சினைகள் நமக்கு வேண்டியவையும் அல்ல. காரணங்களைத் திறந்து வைக்கும் பழக்கம் மட்டும் எடுத்துக்கொள்ளத் தக்கது.

முன்கூட்டியே வெளியிட்டால் ஊக வாணிபம் பெருகும், விலை ஏறும் என்ற தயக்கம் எழலாம். வரைபடத்தின் வண்ணம் ஏற்கெனவே பொதுவில் இருக்கிறது. அரசாங்க நில விற்பனைத் திட்டத்தின்கீழ் விற்கப்படவுள்ள நிலங்களின் உறுதிப் பட்டியலும், நிறுவனங்கள் கேட்டால் விற்பனைக்கு வரும் நிலங்களின் காத்திருப்புப் பட்டியலும் ஆண்டுக்கு இருமுறை வெளியாகின்றன. கட்டுமான நிறுவனங்கள் அவற்றை வைத்துத் தங்கள் கணக்கைப் போட்டுக்கொள்கின்றன. அந்த நிறுவனங்களுக்குக் கிடைக்கும் முன்னறிவில் ஒரு பகுதி, அதே நிலத்தின் அருகே நாற்பதாண்டு குடியிருந்தவருக்கும் கிடைப்பது நியாயம் என்று நம்புகிறோம். ராணுவம் போன்ற பாதுகாப்பு நிலங்களைப் பதிவேட்டிலிருந்து விலக்குவதில் எங்களுக்கு மறுப்பில்லை.

ஆகவே, ஒதுக்கீட்டு நிலங்களுக்கும் விரிவான திட்டமிடலுக்கு உட்பட்டவை என்று குறிக்கப்பட்ட நிலங்களுக்கும் ஒரு பொதுப் பதிவேட்டை வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஒவ்வொரு நிலத்தின் பரப்பு, அது குறிக்கப்பட்ட ஆண்டு, அதற்கான காரணம், நடந்த அல்லது நடக்கவுள்ள சுற்றுச்சூழல், மரபுடைமை, போக்குவரத்து ஆய்வுகள், இடைக்காலப் பயன்பாடு, எந்தப் பத்தாண்டுக்கு முன்பு தேவைப்படாது என்ற மதிப்பீடு ஆகியவை அதில் இருக்க வேண்டும். சரியான தேதி கேட்கவில்லை. பத்தாண்டுக் கணக்கே போதும். ஆண்டுதோறும் அது புதுப்பிக்கப்பட்டு, குறிப்பு மாறினால் ஏன் மாறியது என்றும் பதிவாக வேண்டும்.

அடுத்து, பெருந்திட்ட மறுஆய்வின் நகல் எழுதப்படுமுன் ஒரு பரிந்துரைக் காலம் ஒதுக்க வேண்டும். பொதுவான நோக்கங்கள் பற்றிய கலந்துரையாடல்கள் இப்போது நடக்கின்றன; நாங்கள் கேட்பது குறிப்பிட்ட நிலங்களைப் பற்றியது. மூடப்பட்ட பள்ளிக் கட்டடம், பாதி காலியாக இருக்கும் கார் நிறுத்துமிடம், பயன் குறைந்த பழைய தொழிற்பேட்டை மூலை ஆகியவற்றை அன்றாடம் கடந்து செல்பவர்களே நன்கு அறிவார்கள். இங்கே கட்டுங்கள் என்று மக்களே சொல்லும் இடங்கள் கிடைத்தால், காட்டையும் திறந்த திடலையும் தொடவேண்டிய தேவை ஓரளவு குறையக்கூடும். வரும் ஒவ்வொரு பரிந்துரைக்கும் ஓரிரு வரிகளிலாவது பதில் வெளியாக வேண்டும். பதிலில்லாத கருத்துக்கேட்பு நாளடைவில் கருத்துச் சொல்பவர்களை இழந்துவிடும்.

இந்தப் பதிவேடும் பரிந்துரைப் படிவமும் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் கிடைக்க வேண்டுகிறோம். வட்டாரத்தின் பழைய நிலவரத்தை நன்கு அறிந்தவர்கள் எங்கள் முதியவர்கள். அவர்களில் பலர் தமிழில் மட்டுமே சரளமாகப் படிப்பவர்கள். திறந்த புல்தரைகளின் ஓரத்தில், அந்த நிலம் எதற்கு, எந்த ஆண்டு குறிக்கப்பட்டது என்று சொல்லும் சிறு பலகை ஒன்றை நான்கு மொழிகளிலும் நட்டுவைத்தால், கைப்பேசியில் வரைபடம் திறக்கத் தெரியாதவருக்கும் செய்தி போய்ச் சேரும்.

முதற்கட்டமாகச் செம்பவாங் கப்பல் பட்டறையையும் அதைச் சூழ்ந்த நிலங்களையும் இம்முறைக்கு முன்னோடியாக எடுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் பணிவான ஆலோசனை. பட்டறை வெளியேறும் ஆண்டு நெருங்கிவிட்டதால், விரைவாக ஒரு சந்திப்புக்கு நேரம் ஒதுக்கித் தந்தால், எங்கள் வட்டாரத்தின் சார்பில் சிலர் வந்து நேரில் விளக்கத் தயாராக இருக்கிறோம். இம்மனுவின் மீது எடுக்கப்படும் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்கவும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்
(செம்பவாங், ஈசூன் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் சார்பில்)