கொழுந்து வெளுத்தால் முட்டை ஓடு வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாடித்தோட்டக் குறிப்பு எங்கே வந்தாலும் ஒரு வரி தவறாமல் இருக்கிறது: இலை மஞ்சளானால் முட்டை ஓட்டுத் தூளும் அடுப்புச் சாம்பலும் போடுங்கள். தக்காளிக்கு வேண்டுமானால் போகட்டும். போர் தண்ணீரில் வளரும் கறிவேப்பிலைக்கும் இட்லிப்பூவுக்கும் அது எரிகிற நெருப்பில் எண்ணெய்.

எந்த இலை வெளுக்கிறது என்பதுதான் கேள்வி. அடியிலுள்ள முற்றிய இலை முழுக்க மஞ்சளாகி உதிர்ந்தால் தழைச்சத்துக் குறைவு, தொழுவுரம் போட்டால் சரியாகும். கொழுந்து மட்டும் எலுமிச்சை நிறத்துக்கு வெளுத்து, நரம்புகள் பச்சையாகக் கோலம் போட்டதுபோல் நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. விட்டுவைத்தால் கொழுந்து காகிதம்போல் வெள்ளையாகி ஓரம் கருகும். செம்பருத்தி, மல்லிகை, எலுமிச்சையிலும் இதே அடையாளம்தான்.

மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. செம்மண்ணுக்கு அந்த நிறமே இரும்பால் வந்ததுதான். போர் தண்ணீர் போன்ற கடின நீரிலுள்ள பைகார்பனேட் என்ற உப்பு, மண்ணின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை மெல்ல மெல்ல 7.5-க்கு மேல் ஏற்றிவிடுகிறது. இரும்பு கரையாமல் அப்படியே கிடக்கிறது. தொட்டி விளிம்பில் படியும் வெள்ளைப் பொருக்கு அந்தத் தண்ணீரின் கைவரிசை. சாம்பலும் முட்டை ஓடும் காரத்தன்மையை இன்னும் கூட்டும். புது வீட்டுச் சுவரோரம் நட்ட இட்லிப்பூ வெளுப்பதும் மண்ணில் கலந்த சிமென்ட் காரையால்தான். காய்ந்த மண் ஒரு ஸ்பூன் எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. துருப்பிடித்த ஆணியைப் புதைக்கும் வைத்தியமும் ஒன்று உண்டு. அந்த மண்ணில் துரு கரையாது. மண் கிளறும்போது ஆணி கையில் குத்தும், அவ்வளவுதான்.

உரம் வாங்கும் முன் தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று குச்சி விட்டுப் பாருங்கள். தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறினாலும் கொழுந்து இப்படியே வெளுக்கும்.

துளை சரியாக இருந்தால், உரக்கடையில் அன்னபேதி என்று கேளுங்கள். பெரஸ் சல்பேட் அதுதான். வெளிர்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும், பழுப்பேறியது வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் அரை மூடி எலுமிச்சைச் சாறு, பிறகு 5 கிராம் அன்னபேதி. மழைநீரோ கேன் தண்ணீரோ நல்லது. போர் தண்ணீரில் கரைத்தால் சற்று நேரத்தில் பழுப்பாகிவிடும். அப்புறம் தெளித்துப் பயனில்லை. கரைத்த உடனே, வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் இரு பக்கமும் நனையத் தெளிக்க வேண்டும். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை போதும். சீக்கிரம் தெரியட்டும் என்று 10 கிராம், 15 கிராம் போட்டால் கொழுந்து கருகும். பழைய இலையைப் பார்த்து ஏமாற வேண்டாம், புதிதாக விடும் கொழுந்துதான் பதில் சொல்லும். கறிவேப்பிலையைத் தெளித்துப் பத்து நாள் கழித்துக் கழுவிப் பறிக்கலாம்.

வேரில் ஊற்ற அன்னபேதி சரிப்படாது, சுண்ணாம்பு மண் அதை உடனே முடக்கிவிடும். அதற்கு இ.டி.டி.எச்.ஏ. வகை இரும்பு உரம் வேண்டும், விலை அதிகம். கடைக்காரர் எடுத்துத் தரும் இ.டி.டி.ஏ. வகை இலையில் தெளிக்க ஆகும், காரமான மண்ணில் நிற்காது. பாக்கெட்டில் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்து வாங்குங்கள்.

தண்ணீர் மாறாமல் நோய் திரும்பத் திரும்ப வரும். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் நீரைச் செடிக்கு ஊற்றுகிறார்கள்; உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான். அதைத் தரை கழுவ வைத்துக்கொண்டு, ஏசியிலிருந்து சொட்டும் நீரை ஒரு வாளியில் பிடித்து இந்தச் செடிகளுக்கு ஊற்றலாம். அதில் உப்பு கிடையாது. ஐப்பசி மழையில் தொட்டிகளைக் கூரைக்கடியில் ஒதுக்காமல் வெளியே வைத்தால் ஆண்டு முழுக்கச் சேர்ந்த உப்பு கழுவிப் போகும். மழைக்குப் பிறகு தொட்டிக்கு இரண்டு கை மண்புழு உரம் போடுங்கள், கரையும் சத்தும் மழையோடு போயிருக்கும்.

தெளிக்கும்போது செடியைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். அன்னபேதிக் கறை வெள்ளைச் சுவரிலிருந்தும் டைல்ஸிலிருந்தும் லேசில் போகாது.

வாசகர், திருப்பூர்