சாலொமோன் மண்டபத்தில் இயேசு சொன்ன பதில்: தமிழகத் திருச்சபைப் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆயர்களுக்கும் போதகர்களுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும்,

உங்களுக்குச் சமாதானம் உண்டாவதாக.

நான் ஒரு முஸ்லிம். நீங்கள் இயேசு என்று அழைக்கும் ஈசா நபியை நம்பாமல் என் ஈமான் நிறைவு பெறாது. அவர் கன்னி மரியாளிடம் பிறந்தவர், மேசியா, இறைவனின் தூதர் என்று நானும் விசுவாசிக்கிறேன். நாம் பிரிகிற இடங்களில் முதன்மையானது ஒன்று உண்டு. அவர் தேவனுடைய குமாரன் என்று நீங்கள் சொல்லும்போது, பிதாவோடு ஒரே தன்மையுள்ள தேவன் அவர் என்று பொருள் கொள்கிறீர்கள். அந்தப் பொருளுக்கு உங்கள் வேதாகமத்தில் போதிய ஆதாரம் இல்லை என்பது என் வாதம். அதை உங்களிடமே நேராகச் சொல்ல விரும்பி இந்த மடலை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தேவனுக்கு மனிதரைப்போலப் பிள்ளை பிறந்தது என்று எந்தத் திருச்சபையும் போதிப்பதில்லை. அது எனக்குத் தெரியும். மேடையில் நின்றுகொண்டு அப்படிப் போதிப்பதாகச் சொல்லிக் கேலி செய்கிற எங்கள் தரப்புப் பேச்சாளர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவர்கள் உங்கள் நம்பிக்கையைத் திரித்துவிட்டு, தாங்கள் திரித்ததோடு சண்டை போடுகிறார்கள். "வேதாகமத்தை ஏற்காத உனக்கு அதை மேற்கோள் காட்ட என்ன உரிமை?" என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் ஏற்கிறீர்கள் என்பதுதான் என் உரிமை. குர்ஆனைக் காட்டி உங்களிடம் வாதாடினால் அது உங்களைக் கட்டுப்படுத்தாது.

பழைய ஏற்பாட்டில் தேவன் யாரையெல்லாம் தம் குமாரன் என்று அழைத்திருக்கிறார்? பார்வோனிடம் மோசே சொல்ல வேண்டிய செய்தி இது: "இஸ்ரவேல் என்னுடைய குமாரன், என் சேஷ்டபுத்திரன்", அதாவது மூத்த மகன் (யாத்திராகமம் 4:22). எரேமியா 31:9இல் எப்பிராயீம் சேஷ்டபுத்திரன். யோபு நூலின் முதல் அதிகாரத்தில் கர்த்தருடைய சந்நிதியில் வந்து நிற்கும் பரலோகவாசிகள் தேவபுத்திரர். சங்கீதம் 2:7இல், சீயோனில் அபிஷேகம் பெற்ற ராஜாவிடம் "நீர் என்னுடைய குமாரன், இன்று நான் உம்மை ஜநிப்பித்தேன்" என்கிறார். இவர்களில் ஒருவரையாவது தேவனோடு சம தன்மையுள்ளவர் என்று எந்த யூதரும் எண்ணியதில்லை. தேவன் தெரிந்துகொண்டவர், அவருடைய அன்புக்குரியவர், அவருக்குக் கீழ்ப்படியக் கடன்பட்டவர் என்பதே அவர்கள் கொண்ட பொருள். மலைப்பிரசங்கத்தில் இயேசுவும் இதே வழக்கில்தான் பேசுகிறார்: சமாதானம் பண்ணுகிறவர்கள் "தேவனுடைய புத்திரர் என்னப்படுவார்கள்" (மத்தேயு 5:9).

இனி புதிய ஏற்பாட்டிலுள்ள எபிரெயர் நிருபத்துக்கு வருவோம். குமாரன் தேவதூதரைவிட மேலானவர் என்று நிறுவ, அதன் முதல் அதிகாரம் ஐந்தாம் வசனத்தில் இரண்டு மேற்கோள்கள் தரப்படுகின்றன. ஒன்று மேலே சொன்ன சங்கீதம். மற்றது, "நான் அவருக்குப் பிதாவாயிருப்பேன், அவர் எனக்குக் குமாரனாயிருப்பார்" என்பது. இது 2 சாமுவேல் 7:14இலிருந்து எடுக்கப்பட்டது. அங்கே போய் வசனத்தை முழுவதும் வாசியுங்கள்: "நான் அவனுக்குப் பிதாவாயிருப்பேன், அவன் எனக்குக் குமாரனாயிருப்பான், அவன் அக்கிரமம் செய்தால், நான் அவனை மனுஷருடைய மிலாற்றினாலும் மனுபுத்திரருடைய அடிகளினாலும் தண்டிப்பேன்." நாத்தான் தீர்க்கதரிசி மூலம் தாவீதுக்குக் கிடைத்த வாக்கு இது. பேசப்படுகிற குமாரன் சாலொமோன் என்பதை 1 நாளாகமம் 28:6 பெயர் சொல்லியே உறுதிப்படுத்துகிறது. தேவன் தம் குமாரன் என்று அழைத்த அதே மூச்சில், அக்கிரமம் செய்தால் பிரம்படி உண்டு என்றும் சொல்கிறார். எபிரெயர் நிருபமோ முற்பாதியை மட்டும் எடுத்து, பிற்பாதியை விட்டுவிட்டது. தாவீதின் வழியில் வரும் ராஜாவுக்கு உரிய பட்டத்தை இயேசுவுக்குச் சூட்டியதில் எனக்குத் தடையில்லை. அவர் மேசியா என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் சாலொமோனைத் தேவனாக்காத ஒரு வாக்கு, வேறொருவரை மட்டும் எப்படித் தேவனாக்கும்?

இயேசுவிடமே இந்தக் கேள்வி வந்ததுண்டு. அந்தக் காட்சியை யோவான் 10ஆம் அதிகாரம் சொல்கிறது. எருசலேமில் தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகை, குளிர்காலம். இயேசு தேவாலயத்தில் சாலொமோனுடைய மண்டபத்தில் உலாவிக்கொண்டிருக்கிறார். "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்" என்று அவர் சொன்னதும் யூதர்கள் கல்லெடுக்கிறார்கள். எதற்காக என்று கேட்கிறார். "நீ மனுஷனாயிருக்க, உன்னைத் தேவன் என்று சொல்லி" தேவதூஷணம் சொன்னாய் என்கிறார்கள்.

உங்கள் பிரசங்கங்களில் பெரும்பாலும் கதை இங்கே நின்றுவிடுகிறது. அவர் தம்மைத் தேவன் என்று சொன்னார், யூதர்களுக்கு அது புரிந்தது, ஆகவே கல்லெடுத்தார்கள் என்று முடித்துவிடுகிறீர்கள். அடுத்த வசனத்தில் இயேசுவின் பதில் இருக்கிறது. குற்றஞ்சாட்டியவர்களின் புரிதலை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, குற்றஞ்சாட்டப்பட்டவரின் விளக்கத்தைத் தள்ளிவைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அவர் சங்கீதம் 82ஐ எடுத்துக்காட்டுகிறார். "நீங்கள் தேவர்கள்" என்று அங்கே எழுதியிருக்கிறதே. தேவவசனத்தைப் பெற்றுக்கொண்டவர்களை வேதம் தேவர்கள் என்று சொல்லியிருக்க, "பிதாவினால் பரிசுத்தமாக்கப்பட்டும், உலகத்தில் அனுப்பப்பட்டும் இருக்கிற நான் என்னைத் தேவனுடைய குமாரன் என்று சொன்னதினாலே" தேவதூஷணம் என்று நீங்கள் சொல்லலாமா என்று கேட்கிறார். அந்தச் சங்கீதம் அநியாயத் தீர்ப்புச் சொன்ன நியாயாதிபதிகளைக் கடிந்துகொள்வது என்று உங்கள் விளக்கவுரைகள் பலவும் சொல்கின்றன. அவர்கள் மனுஷரைப்போலச் செத்துப்போவார்கள் என்று அடுத்த வசனமே தீர்க்கிறது. அப்படிப்பட்டவர்களோடு ஒப்பிட்டுத்தான் இயேசு தமக்காக வாதாடுகிறார்.

"சிறியவர்களுக்கே அந்தப் பெயர் பொருந்துமானால் பெரியவராகிய எனக்கு எவ்வளவு அதிகமாகப் பொருந்தும் என்பதே அங்குள்ள வாதம்" என்று உங்கள் வேதசாஸ்திரிகள் பதில் சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தம் மேன்மைக்கு அவர் என்ன காரணம் சொல்கிறார் என்று பாருங்கள். நான் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவன் என்று அவர் சொல்லவில்லை. பரிசுத்தமாக்கப்பட்டேன், அனுப்பப்பட்டேன் என்கிறார். இது எரேமியா தன் அழைப்பைச் சொன்ன விதம்: "நீ கர்ப்பத்திலிருந்து வெளிப்படுமுன்னே நான் உன்னைப் பரிசுத்தம்பண்ணி, உன்னை ஜாதிகளுக்குத் தீர்க்கதரிசியாகக் கட்டளையிட்டேன்" (எரேமியா 1:5). கல்லோடு நிற்கும் கூட்டத்தின் நடுவில், தம்மைப் பற்றிய சந்தேகத்தைத் தீர்க்கக் கிடைத்த தருணத்தில், இயேசு தேர்ந்தெடுத்தது தீர்க்கதரிசிகளின் வழக்கையே.

"ஒன்றாயிருக்கிறோம்" என்பதற்கும் அதே சுவிசேஷம் விளக்கம் தருகிறது. 17ஆம் அதிகாரத்தில் சீஷர்களுக்காக ஜெபிக்கும்போது, நாம் ஒன்றாயிருக்கிறதுபோல அவர்களும் ஒன்றாயிருக்கும்படி என்று கேட்கிறார். "பிதா என்னிலும் நான் அவரிலும்" என்பதையும் சீஷர்களுக்கு நீட்டுகிறார். அந்த ஒற்றுமை தேவத்தன்மையைக் குறிக்குமானால் சீஷர்களுக்கும் அது உண்டு என்றாகும். அப்படி நீங்கள் போதிக்கமாட்டீர்கள். அதே ஜெபத்தில்தான் "ஒன்றான மெய்த்தேவனாகிய உம்மையும் நீர் அனுப்பினவராகிய இயேசுகிறிஸ்துவையும் அறிவதே நித்தியஜீவன்" என்ற வசனமும் இருக்கிறது. என் கலிமாவும் இதே வரிசையில்தான் நிற்கிறது: ஒரே இறைவன், அவன் அனுப்பிய தூதர்.

உங்களுக்குப் பலம் தருகிற வசனங்களை நான் மறைக்கவில்லை. தோமா "என் ஆண்டவரே! என் தேவனே!" என்கிறார் (யோவான் 20:28). ஆனால் அதற்குச் சற்று முன்னே 17ஆம் வசனத்தில், உயிர்த்தெழுந்த இயேசு மகதலேனா மரியாளிடம் "என் பிதாவினிடத்திற்கும் உங்கள் பிதாவினிடத்திற்கும், என் தேவனிடத்திற்கும் உங்கள் தேவனிடத்திற்கும் ஏறிப்போகிறேன்" என்கிறார். சற்றுப் பின்னே 31ஆம் வசனத்தில், தான் இதையெல்லாம் எழுதியது இயேசு "தேவனுடைய குமாரனாகிய கிறிஸ்து" என்று நீங்கள் விசுவாசிப்பதற்காக என்று சுவிசேஷகர் சொல்கிறார். தனக்கு ஒரு தேவன் உண்டு என்று சொன்னவரின் வாக்கும், நூலாசிரியரே சொன்ன நோக்கமும் இரு பக்கமும் நிற்க, நடுவிலுள்ள ஒரு சீஷரின் வியப்பு மொழியை மட்டும் எடுத்துக் கோட்பாடு கட்டலாமா? "அந்த வார்த்தை தேவனாயிருந்தது" என்று இயேசுவைக் குறித்துச் சொல்லும் யோவான் 1:1 கடினமான வசனம். அதை ஒரு வரியில் தள்ளிவிட நான் முயலமாட்டேன். ஆனால் முதலில் எழுதப்பட்டது மாற்கு சுவிசேஷம் என்று உங்கள் அறிஞர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள். அதில் யோவானின் முன்னுரைக்கு நிகரான ஒன்றும் இல்லை. அங்கே இயேசு, "நீ என்னை நல்லவன் என்று சொல்வானேன்? தேவன் ஒருவர் தவிர நல்லவன் ஒருவனும் இல்லையே" என்கிறார் (10:18).

இறுதி நாளைப் பற்றிய மாற்கு 13:32 இன்னும் நெருக்கமானது. "அந்த நாளையும் அந்த நாழிகையையும் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான், பரலோகத்திலுள்ள தூதர்களும் அறியார்கள், குமாரனும் அறியார்." மனித தன்மையில் அறியவில்லை, தேவ தன்மையில் அறிந்திருந்தார் என்பது 451இல் கல்கெதோனில் கூடிய திருச்சபைச் சங்கம் வகுத்த இரு தன்மைகளின் அடிப்படையில் தரப்படும் விளக்கம். வசனத்தின் ஏறுவரிசையைப் பாருங்கள்: மனிதர், தூதர், குமாரன், பிதா. குமாரன் தூதருக்கும் மேலே நிற்கிறார். அவருடைய உயர்வை நான் குறைக்கவில்லை. ஆனால் அறியாதவர்களின் வரிசையில் அவரை நிறுத்தும்போது "மனுஷன்" என்று சொல்லாமல் "குமாரன்" என்றே சொல்லப்படுகிறது. நீங்கள் தேவத்துவத்தைக் குறிக்கப் பயன்படுத்துகிற அதே பட்டத்தோடுதான் அறியாமை அங்கே சேர்ந்திருக்கிறது.

சிலுவைக் காட்சியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மாற்கு 15:39இல் நூற்றுக்கு அதிபதி "மெய்யாகவே இந்த மனுஷன் தேவனுடைய குமாரன்" என்கிறான். லூக்கா 23:47இல் அதே அதிபதி "மெய்யாகவே இந்த மனுஷன் நீதிபரனாயிருந்தான்" என்கிறான். ஒரு சுவிசேஷகர் தேவகுமாரன் என்று எழுதிய இடத்தில் இன்னொருவர் நீதிமான் என்று எழுதுவதில் குறை காணவில்லை. ரோமச் சிப்பாயின் வாயிலிருந்து, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒரே தேவன் என்னும் திரித்துவ அறிக்கை வந்ததாக அவ்விடத்தில் பிரசங்கிப்பவர்கள் லூக்காவையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

இந்தக் கேள்விகளை முஸ்லிம்கள்தாம் கிளப்பினார்கள் என்று எண்ண வேண்டாம். அலெக்சாந்திரியாவின் திருச்சபைக் குருவான ஆரியுஸ் உங்கள் வேதத்தை வைத்தே இவற்றைக் கேட்டார். 325இல் பேரரசன் கான்ஸ்டன்டைன் கூட்டிய நிசேயா சங்கம் "ஒரே தன்மை" என்ற சொல்லாட்சியால் அவரை மறுத்தது. அந்தச் சொல்லாட்சி வேதத்தில் எங்கும் இல்லை. சங்கத்தின் தீர்மானத்தைக் காத்துநின்ற அத்தனாசியுஸே இந்த ஆட்சேபத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1553இல் ஸ்பானிய அறிஞர் மிகுவேல் செர்வேத்துஸ் ஜெனீவாவில் எரிக்கப்பட்டார். நித்திய குமாரன் என்பதை அவர் மறுத்ததும் அவர்மீதான குற்றங்களில் ஒன்று. நம் சென்னையிலேயே, திருவேங்கடம் என்று பெயர் பெற்றிருந்து பின்னர் வில்லியம் ராபர்ட்ஸ் ஆன தமிழர் ஒருவர், தேவன் ஒருவரே என்ற போதனையோடு ஒரு கிறிஸ்தவ சபையைத் தோற்றுவித்தார். 1813இல் புரசைவாக்கத்தில் அவர்களுக்கு ஆலயம் எழுந்தது. வங்காளத்தில் ராஜா ராம்மோகன் ராய் 1820களில் செராம்பூர் மிஷனரி ஜோசுவா மார்ஷ்மேனோடு வசனத்துக்கு வசனம் இதே வாதத்தை நடத்தினார். ராயோடு சேர்ந்து சுவிசேஷங்களை வங்க மொழியாக்கம் செய்த பாப்டிஸ்ட் மிஷனரி வில்லியம் ஆடமும் 1821இல் திரித்துவத்தைக் கைவிட்டார். புரசைவாக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் எந்த மௌலவியின் பேச்சைக் கேட்டும் அந்த முடிவுக்கு வரவில்லை. அவர்கள் வேதாகமத்தை வாசித்து வந்தார்கள்.

உங்களிடம் நான் கேட்பது மதமாற்றம் அல்ல. முதலாவதாக, பழைய மொழிபெயர்ப்பில் 1 யோவான் 5:7ஐ அடிக்குறிப்பு இல்லாமல் பிரசங்க பீடத்திலிருந்து வாசிப்பதை நிறுத்துங்கள். "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி... இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்" என்ற அந்தப் பகுதி பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் இல்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட அறிஞர் எராஸ்முஸ் தம் 1516, 1519 பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை; எதிர்ப்புக்குப் பிறகு 1522 பதிப்பில்தான் சேர்த்தார். கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் அந்த வரி நீக்கப்பட்டிருக்கிறது. இயேசுகிறிஸ்துவைத் தேவனுடைய குமாரனென்று விசுவாசிக்கிறேன் என்று எத்தியோப்பிய மந்திரி சொல்வதாக வரும் அப்போஸ்தலர் 8:37உம் பழமையான படிகளில் இல்லை. உங்கள் இறையியல் கல்லூரிகளில் மாணவர்கள் இதையெல்லாம் படிக்கிறார்கள். ஆலயத்தில் அமர்ந்திருக்கும் மூதாட்டிக்கு மட்டும் ஏன் சொல்லப்படுவதில்லை? அவர் நம்பி வாசிக்கிற புத்தகத்தைப் பற்றிய உண்மை அவருக்கும் உரியது.

திடப்படுத்தல் வகுப்பில் யோவான் 10ஐ 30ஆம் வசனத்தோடு நிறுத்தாமல் 38 வரை வாசிக்கச் சொல்லுங்கள். நான் சொன்னது தவறென்றால் பிள்ளைகள் அதையும் கண்டுகொள்வார்கள்.

இதற்கு உங்களில் ஒருவர் பதில் எழுதினால் மகிழ்வேன். எழுதுபவர் 2 சாமுவேல் 7:14ஐ முழுவதும் எடுத்து எழுதி, அதன் பிற்பாதி யாரைக் குறிக்கிறது என்பதிலிருந்து தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வேதாகமத்தை வாசிக்கும் ஒரு முஸ்லிம்